லாக்கர் அறையில் கருவாட்டு வாசனை

மாட்டுங்காவில் நான் கடைசியாக வேலை பார்த்த வங்கிக் கிளையில் லாக்கர்களுக்குக் கைரேகைப் பூட்டு வந்துவிட்டதாம். வாடிக்கையாளர் விரலை வைத்தால் கதவு திறக்கும். கூட ஓர் அதிகாரி சாவியோடு போய் நிற்க வேண்டியதில்லை. இதை எனக்குப் போனில் சொன்ன இளம் அதிகாரி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டாள்.

"மேடம், நீங்கதான் பன்னெண்டு வருஷம் லாக்கர் பாத்தீங்களாமே. யார் யார் உள்ள என்ன வச்சிருந்தாங்கன்னு எல்லாம் தெரிஞ்சிருக்கும்ல? நம்ம தமிழ்ச் சங்க மலருக்கு எழுதுங்களேன், ஜாலியா இருக்கும்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். விதிப்படி அதுதான் சரியான பதில். விதிப்படி சரியான பதில்களைச் சொல்வதில் நான் வல்லவள். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்; ஜாலியாக இருக்காது.

நான் செம்பூரில் வளர்ந்தவள். ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்துவிட்டு, இலக்கியம் சோறு போடாது என்று அப்பா சொன்னதால் வங்கித் தேர்வு எழுதினேன். வேலையில் சேர்ந்த முதல் நாள் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் ஒன்று ரகசியக் காப்பு உறுதிமொழி. வாடிக்கையாளரின் விவரம் எதையும் உரிமையில்லாதவருக்குச் சொல்ல மாட்டேன் என்பது அதன் சாரம். மற்றவர்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நான் இரண்டு முறை வாசித்தேன். பிறகு கவுண்டர், பதவி உயர்வு, மூன்று கிளைகள், முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் தினமும் நின்றபடி பயணம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுங்கா கிளைக்கு மாற்றலாகி வந்தபோது லாக்கர் பொறுப்பு என்னிடம் வந்தது.

நடைமுறை இதுதான். வாடிக்கையாளர் வருவார். பதிவேட்டில் லாக்கர் எண், வந்த நேரம், கையெழுத்து. கையெழுத்தை அட்டையில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். பிறகு அவரோடு இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே போய், வங்கியின் சாவியை முதலில் நான் போட்டுத் திருப்ப வேண்டும். அடுத்து அவர் தன் சாவியைப் போடுவார். இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும். திறந்த கணத்தில் நான் முதுகைக் காட்டி வெளியேறிவிட வேண்டும். உள்ளேயே திரை போட்ட சிறிய தடுப்பு ஒன்று உண்டு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இருக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. அவர் போனபின் நான் உள்ளே போய், கதவு பூட்டியிருக்கிறதா, கீழே ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தோடு, ஒரு செட் பல், எண்ணற்ற ரப்பர் பேண்டுகள்.

என் மேலாளர் ராமநாதன் சார். இரண்டு தலைமுறையாக மாட்டுங்கா. மதியம் ஒன்றரைக்குத் தயிர்சாதத்தை முடித்துவிட்டு, இரண்டு மணி வரை தடித்த பழைய நாவல் ஒன்றை வாசிப்பார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய நாவல்கள், எழுநூறு பக்கத்துக்குக் குறைந்ததைத் தொட மாட்டார். அட்டைமேல் செய்தித்தாள் சுற்றியிருப்பார், வட்டார அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் பேரேடு மாதிரித் தெரிய. யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். துடைக்கும் நேரம் எவ்வளவு நீள்கிறதோ, தப்பு அவ்வளவு பெரியது.

நான் எம்.ஏ. என்பதால் என்னிடம் நாவல் பேசுவார். "இந்த மனுஷன் எல்லார் மனசுக்குள்ளேயும் போயிட்டு வந்துடறான் பாருங்கோ. புருஷன் நினைக்கிறது பொண்டாட்டிக்குத் தெரியலே, நமக்குத் தெரியறது. எழுதறவன்கிட்டே ரெண்டு சாவியும் இருக்கு. நம்மகிட்டே ஒண்ணுதான்."

"ஒண்ணே போதும் சார்" என்பேன். அப்போது அது வேடிக்கையான பதிலாகத் தோன்றியது.

நான் சொல்ல வந்தவர் பெயரை சிவனணைந்தான் என்று வைத்துக்கொள்வோம். தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் கார்கானா நடத்தியவர். திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்தவர். மனைவி பாக்கியத்தையும் மகள் செல்வியையும் அழைத்துக்கொண்டு லாக்கர் எடுக்க வந்தார். மனைவி பெயரையும் தன்னோடு சேர்க்க வேண்டும் என்றார். பாக்கியத்துக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு. கைநாட்டு என்றால் ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரி சான்றொப்பமிட வேண்டும், தனிப் படிவம், தனிக் கோப்பு. "எதுக்கு வீணா அலையணும்? பொண்ணு காலேஜ் போகுது, இங்கிலீஷ் வாசிக்குது, அவ பேரைச் சேருங்க" என்று நான்தான் சொன்னேன். பாக்கியம் சிரித்துக்கொண்டே, "அதான் நல்லது. எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பெருவிரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இருவரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற ஏற்பாடு. செல்வி போட்ட கையெழுத்தின் கடைசி எழுத்துக்கு ஒரு சுழி இருந்தது.

இரண்டு வருடம் கழித்து சிவனணைந்தான் தனியாக வந்தார். சவரம் செய்து பத்து நாள் ஆகியிருக்கும்.

"அவ பேரை வெட்டணும் மேடம்."

"கூட்டு லாக்கர். பேரை எடுக்கணும்னா அவங்களும் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவ வர மாட்டா. ஒரு மராட்டிக்காரப் பையன்கூடப் போயிட்டா. ஊர்க்காரங்களை எல்லாம் கூப்பிட்டு வச்சு, செத்துட்டான்னு சொல்லித் தலை முழுவிட்டேன்."

"செத்துட்டாங்கன்னா டெத் சர்டிபிகேட் கொண்டாங்க. எடுத்துடலாம்."

இதை நான் சொன்னேன். வேடிக்கைக்கு அல்ல, நடைமுறை அதுதான். ஆனால் சொல்லும்போது உதட்டோரம் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

"அப்ப வெட்ட முடியாதுங்கீங்க."

"முடியாது."

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வந்தபோது இருந்ததைவிட முதுகு நிமிர்ந்திருந்தது. ராமநாதன் சாரிடம் சொன்னேன். "முடியாதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்னு வந்திருக்கார்" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. அப்போது நான் மனிதர்களை நம்பவில்லை, படிவங்களைத்தான் நம்பினேன்.

ஆறு மாதம் கழித்து செல்வி வந்தாள். டோம்பிவிலியில் குடியிருந்தாள். ஒரு வேலைக்குப் படிப்புச் சான்றிதழ்கள் வேண்டும், அவை லாக்கரில் இருந்தன. ஆனால் சாவி அப்பாவிடம்.

"கோயி ராஸ்தா, ஏதாவது வழி இல்லையா மேடம்? நீங்க உங்க சாவியைப் போட்டுத் திறக்க முடியாதா?"

"என் சாவி மட்டும் போதாது."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டு உரிமையாளர் லாக்கரின் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம் என்பது விதி. ஆகவே, "நீங்க ஒரு ஹைரர், லாக்கரை வாடகைக்கு எடுத்தவங்க. எப்பெல்லாம் லாக்கர் திறந்திருக்குன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு" என்றேன். அவளுக்கு உடனே புரிந்தது. கேட்டாள். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பதினோரு மணி. அப்பாவின் கையெழுத்து வரிசையாக இருந்தது.

அடுத்த முதல் சனிக்கிழமை அவள் பத்தே முக்காலுக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே வந்தார், பார்த்தார், பார்க்காதவர் போல நேரே என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அவளும் எழுந்து வந்து அவர் கையெழுத்துக்குக் கீழே போட்டாள். இரண்டு பேரும் லாக்கர் உரிமையாளர்கள். இரண்டு பேரும் உள்ளே போகலாம். என் சாவியைப் போட்டேன். அவருக்குத் தன் சாவி துளைக்குள் போகவில்லை. செல்வி வாங்கிப் போட்டாள். நான் முதுகைக் காட்டி வெளியே வந்தேன். நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது அவள் கையில் சான்றிதழ் கவர் இருந்தது. அவர் வெளியேறிய நேரத்தை எழுத மறந்துவிட்டுப் போனார். நான் எழுதிக்கொண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும். தாராவியில் ஒரே அறைக்குள் ஐந்து பேர் படுத்து எழுகிற சந்துகளில், யார் வீட்டில் யார் தும்மினாலும் நாலு வீடு தள்ளிக் கேட்கும். இந்த நகரத்தில் அந்த அப்பாவும் மகளும் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து பேச இருந்த ஒரே இடம் எங்கள் இரும்பு அறை. அவள் டோம்பிவிலியிலிருந்து ஸ்லோ லோக்கலில் வருவாள். அவர் ஒரு துணிப் பையோடு நடந்தே வருவார். பையில் டப்பா.

லாக்கர் அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. அந்த விதியைச் சொல்ல நினைத்தேன், இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். மூன்றாம் மாதம் வைர வியாபாரி குடும்பத்துப் பெண்மணி ஒருவர், மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு மேலாளர் அறைக்குள் புயல்போல் நுழைந்தார். உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது என்றார். காற்றே புகாத அறையில் கருவாட்டுக் குழம்பு வாசனை எப்படி நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ராமநாதன் சார் வெங்காயம்கூடச் சேர்க்காதவர். லாக்கர் அறைக்கு வந்தார், வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்தார், கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்லி எழுதுங்கோ. காரணம், காத்தோட்டம் போதலே."

"சார், சாப்பாடு கொண்டு போகக் கூடாதுன்னு..."

"போகக் கூடாதுதான். நான் ஒண்ணும் பாக்கலியே. நீங்கோ பாத்தேளா? முதுகைன்னா காட்டிண்டு வரேள்."

ஃபேன் வந்தது.

அது நடந்து மூன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, பாக்கியம் வந்தாள். கவுண்டரில் கேட்டுக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தாள். என்னை நினைவிருந்தது.

"சாவி போடுத மேடம் நீங்கதானம்மா? ஒரு விசயம் கேக்கணும். எங்க வீட்டுக்காரரு மாசா மாசம் மொத சனிக்கிழமை ரெண்டாள் சோறு கட்டச் சொல்லி எடுத்துக்கிட்டுப் போறாரு. கார்கானாவுக்குன்னு சொல்லுதாரு. கார்கானாவுல கேட்டா அன்னைக்கு அவரு பேங்குக்குப் போயிருக்காருங்கான்."

"லாக்கர் விவரம் வெளியாளுங்களுக்குச் சொல்லக் கூடாதும்மா."

"வெளியாளா?"

"ஹைரர் இல்லாதவங்கன்னு அர்த்தம்."

"இருவத்தெட்டு வருசமா அவருக்குப் பொங்கிப் போடுதேன். நான் வெளியாளு." சிரித்தாள், கோபம் இல்லாத சிரிப்பு. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு பொம்பளைன்னு நெனைச்சு நான் வரல மேடம். டப்பாவைக் கழுவும்போது பாக்கேன்ல. கருவாட்டு முள்ளை மூடியோட ஓரத்துல வரிசையா அடுக்கி வச்சிருக்கு. அவரு முள்ளைக் கண்டபடி துப்புத ஆளு. அப்படி அடுக்குததுக்கு எங்க வீட்ல ஒரு ஆளுதான் உண்டு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"சூடத்தைக் கொளுத்தி, அது மேல அடிச்சு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. அவ பேரை வாயால எடுக்க மாட்டேன்னு. இப்பவும் எடுக்கல, பாத்தீங்களா? நீங்களும் வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். ரூலு வாய்க்குத்தான? தலைய மட்டும் ஆட்டுங்க. எம் மவளா? நல்லா இருக்காளா? அம்புட்டுதான்."

நான் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று நாள் முன்பு போட்ட கையெழுத்து அதே பக்கத்தில் இருந்தது, சுழியோடு. வாசிக்கத் தெரியாத பெண் எதிரே உட்கார்ந்திருந்ததால் நான் பக்கத்தை மூடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மூடினேன்.

"லாக்கர் பத்தி எதுவா இருந்தாலும் உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்கம்மா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அசைந்துவிடுமோ என்று. பிறகு எழுந்தாள். "சரி மேடம். உங்க வேலைய நீங்க பாக்கணும்ல" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

ராமநாதன் சார் தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். மிக நீண்ட நேரம் துடைத்தார்.

"ரூல்படி கரெக்ட்" என்றார். "அந்த அம்மா படிக்காதவா. சத்தியத்தையும் மீறலே, கேக்க வேண்டியதையும் கேட்டுட்டா. நாம எம்.ஏ. படிச்சவா."

"வேற என்ன சார் சொல்லியிருக்க முடியும்?"

"அக்கவுண்ட் ஆரம்பிக்கிற எண்ணம் இருந்தா மொத சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்கோம்மா, அன்னிக்குக் கூட்டம் இருக்காது, பெஞ்சிலே உக்காந்துக்கலாம்னு சொல்லியிருந்தா எந்த ரூல் உடைஞ்சிருக்கும்?"

எந்த விதியும் உடைந்திருக்காது. அந்த நொடியிலேயே எனக்கு அது தெரிந்தது. மகளுக்குப் பதிவேட்டைக் காட்டும் வழியைக் கண்டுபிடித்தவள் நான்தான். தாய்க்கு ஒரு பெஞ்சைக் காட்டும் வழி எனக்குத் தோன்றவில்லை. மகளுக்குச் செய்தபோது விதி என் பக்கம் இருந்தது, அதனால் நல்லவளாக இருப்பது எளிதாக இருந்தது. அன்று அந்த அம்மாள் தன் சாவியை என் மேசைமேல் எடுத்து வைத்தாள். நான் என்னுடையதைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முகவரி கோப்பில் இருந்தது. மாட்டுங்காவிலிருந்து தொண்ணூறடி ரோடு நடக்கிற தூரம். ஆனால் வாடிக்கையாளரின் முகவரியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவது முறைகேடு. ஆகவே அவள் வருவதற்காகக் காத்திருந்தேன். அவள் வரவில்லை.

அவள் வேறொன்று செய்தாள். அடுத்த மாதம், திரைக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி வெளியே வந்து, எச்சில் கையை ஓரமாய் நீட்டியபடியே, சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். "மேடம், அம்மா இன்னைக்கு அப்பாவுக்கு உளுந்தங்களி குடுத்து விட்டிருக்கா. கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெ விட்டு."

வாசிப்பவர்களில் நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பெண் பிள்ளை பெரியவளானால், பிள்ளையுண்டானால், இடுப்புக்கு வலுவாக இருக்கட்டும் என்று கிண்டிக் கொடுப்பது. ஐம்பது வயது ஆணுக்கு யாரும் அதை டப்பாவில் கட்டிக் கொடுப்பதில்லை.

உள்ளிருந்து சிவனணைந்தானின் குரல் வந்தது. "முதுகு வலிக்குன்னு சொன்னேன்ட்டி. அதான் கிண்டியிருப்பா."

அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பினால்தான் அவர் ஊரார்முன் சொன்ன சொல் நிற்கும். மூன்று மாதம் தொடர்ந்து உளுந்தங்களி வந்தது. வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. மகள் ஒவ்வொரு முறையும் மூடியை வழித்துத் தின்றாள். அவள் அம்மா இந்த மேசைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனாள் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். பாக்கியம் வாடிக்கையாளர் அல்ல. அவளைப் பற்றிய எந்த ரகசியத்தையும் காக்கும் கடமை எனக்கு இல்லை. சொல்லத் தொடங்கினால், "நீங்க என்ன சொன்னீங்க மேடம்?" என்று அவள் கேட்பாள். அதனால் சொல்லவில்லை.

நான்காம் மாதம் செல்வி மட்டும் வந்து காத்திருந்தாள். அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதம் இருவரும் வந்தார்கள். பையும் இல்லை, டப்பாவும் இல்லை. அவர் தலை மொட்டை. பாக்கியத்துக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. செல்விக்கு யாரோ சொல்லித் தெரிந்து ஓடி வந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. வந்தவளை ஊர்க்காரர்கள் யாரும் தடுக்கவில்லையாம். தடுப்பார்கள் என்று பயந்துதான் அவர் இத்தனை வருடமும் வங்கிக்கு நடந்தார்.

லாக்கரை ஒப்படைக்க வந்திருந்தார்கள். இனி வீட்டிலேயே சந்தித்துக்கொள்ளலாம், வீட்டில் ஒளிப்பதற்கு ஆள் இல்லை.

அவர் மேலாளர் அறையில் கையெழுத்துப் போடப் போனார். செல்வி என் எதிரே, அவள் அம்மா உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அம்மாக்கு ஏதாவது தெரிஞ்சிருக்குமா? அந்தக் களி எனக்குத்தானோன்னு தோணுது. அப்பா இல்லைங்கிறாரு. நான் செத்துட்டேன்னே நெனைச்சுக்கிட்டுப் போயிட்டாளா? இங்க எப்பவாவது வந்தாளா?"

இந்த முறை எந்த விதியும் இல்லை. வந்தாள் என்ற ஒரு சொல் அவளுக்குப் போதும். அவள் ஆயுளுக்கும் போதும். அதற்கு விலை, நான் என்ன செய்தேன் என்பதை அவள் தெரிந்துகொள்வது.

"இல்லம்மா" என்றேன். "வந்த மாதிரி ஞாபகம் இல்ல."

"வந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கல்ல?"

"சொல்லியிருப்பேன்."

"தெரியும் மேடம். நீங்க மட்டும் அன்னைக்கு ரெஜிஸ்டரைக் காட்டலைன்னா..." என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்பா வந்ததும் எழுந்து போனாள். ஒப்படைப்புப் படிவத்தில் நான் போட்ட தேதி தப்பு. அதை அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இட்டேன். என் பணிக்காலத்தில் அதிகம் இல்லாத பிழைகளில் ஒன்று.

ராமநாதன் சாரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்றார், பிறகு நான்.

இதை எழுதி முடித்தபின் எனக்கே ஒன்று தோன்றுகிறது. செல்வி படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே எழுத வரும். இருந்தும் இதைத் தமிழில், அவள் கைக்குப் போகாத ஒரு மலரில் எழுதியிருக்கிறேன். தேடினால் அவள் கிடைப்பாள். முலுண்டிலிருந்து டோம்பிவிலி ஒரே ரயில்தான். நான் தேடவில்லை. பெயர்களை மாற்றிவிட்டேன், ஆனாலும் தாராவியில் பை தைத்த அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் இருக்கக்கூடும். இருந்தால், எனக்காக அவளிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்திருந்தாள். அவள் பெயரைச் சொல்லாமலே அவளைப் பற்றிக் கேட்டாள்.